கல்லில் பொறித்ததும் கோப்பில் பூட்டியதும்

கடற்பெருக்குகளுக்குப் புனிதர்களின் பெயரைச் சூட்டிய நாடு ஒன்று உண்டு. நெதர்லாந்து என்றும், நம் முன்னோர் வாய்மொழியில் ஒல்லாந்து என்றும் வழங்கப்பெறும் அந்நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், 1287 டிசம்பரில் வந்த பேரழிவு 'புனித லூசியா வெள்ளம்' என்றும், 1421 நவம்பர் 18ஆம் நாள் இரவில் டோர்ட்ரெக்ட் நகரை அடுத்த வளமான நிலப்பரப்பை மூழ்கடித்தது 'புனித எலிசபெத் வெள்ளம்' என்றும், 1570 நவம்பர் முதல் நாள் வந்தது 'சகல புனிதர் வெள்ளம்' என்றும் பதிவாகியிருக்கக் காண்கிறோம். (ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தின் திருநாள் அக்காலத்தில் நவம்பர் 19 அன்று கொண்டாடப்பட்டது, 17ஆம் நாளுக்கு அது மாற்றப்பட்டது 1969இல்தான்.) எழுத்தறியாத எளிய மக்களுக்குத் திருவழிபாட்டு நாள்காட்டியே வரலாற்று ஏடாகவும் இருந்தது. டோர்ட்ரெக்ட் பெரிய கோவிலுக்காக 1490ஆம் ஆண்டளவில் தீட்டப்பெற்ற பலகை ஓவியங்கள் இன்று ஆம்ஸ்டர்டாம் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. கரை உடைந்து நீர் பாய்வதும், மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகர வாயிலை நோக்கி விரைவதும் அவற்றில் உயிரோடு நிற்கின்றன.

ஆனால், இவ்வகை நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளம் எந்நாளில் வந்தது என்பதை அது சொல்லும். எவ்வளவு உயரம் வந்தது, இனி எவ்வளவு வரக்கூடும் என்பதைச் சொல்லாது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே வருவதை உலகமே பேசிக்கொண்டிருக்கும் இந்நாட்களில், அவ்விரண்டாவது செய்தியை ஓர் அரசு எவ்வாறு தேடிக்கொண்டது, தேடியதை யாருக்குச் சொன்னது, யாருக்குச் சொல்லாமல் விட்டது என்னும் வரலாற்றைச் சற்றே நாம் பின்தொடர்ந்து பார்ப்பது நலம்.

உயரத்தை முதன்முதலில் ஒழுங்காகப் பொறித்தவர் ஆம்ஸ்டர்டாம் நகர மேயர்களுள் ஒருவரான யோஹன்னஸ் ஹூடே. கணித மேதையான இவர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தவர். போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றிய அதே கம்பெனிதான். ஆகவே, நம் கடற்கரையின் வரலாற்றிலும் அவர் கையெழுத்தின் சாயல் எங்கோ படிந்திருக்கும். 1683 செப்டம்பர் முதல் ஓராண்டுக் காலம் நகரின் துறைமுக நீரின் ஏற்றம் நாள்தோறும் அளக்கப்பட்டது. அதன்பின் 1684இல் நகரின் நீர்மதகுகளில் எட்டு வெண்பளிங்குக் கற்கள் பதிக்கப்பட்டன. நகர நீர்மட்டத்திற்கு மேல் 9 அடி 5 அங்குலம் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 2.68 மீட்டரில், கடலணையின் உச்சி அமைய வேண்டும் என்பதை ஒவ்வொரு கல்லிலும் வெட்டிய கோடு காட்டியது. அவ்வெட்டில் ஒன்றே ஒன்று இன்றும் தன் பழைய இடத்தில் இருக்கிறது. 'ஆம்ஸ்டர்டாம் மட்டம்' எனப்படும் அவ்வளவே நாடு முழுவதற்கும் உயரம் அளக்கும் அடித்தளமாயிற்று. பின்னர் ஐரோப்பாவின் பல நாடுகளும் அதைத் தழுவின.

ஈண்டு நம் கருத்தைக் கவர்வது அளவின் நுட்பம் மட்டுமன்று. கல் பதிக்கப்பட்ட இடம். அது மதகின் சுவரில், படகோட்டியும் பளுதூக்குவோனும் கடந்துசெல்லும் வழியில் நின்றது. கரை தாழ்ந்துபோனால் அதைக் கண்டறியப் பொறியாளர் எவரும் வரவேண்டியதில்லை. வாசிக்கத் தெரிந்தவன் எவனும் கேட்கலாம்: கோடு இங்கே இருக்கிறது, கரை எங்கே?

கற்களோடு அளவீடும் தொடர்ந்தது. 1700 முதல் 1925 வரையிலான ஆம்ஸ்டர்டாம் நீர்மட்டப் பதிவு, உலகின் மிக நீண்ட கடல்மட்டப் பதிவுகளுள் ஒன்று. நீர் மெல்ல மெல்ல உயர்ந்து வருகிறதா, அல்லது நிலந்தான் தாழ்ந்து வருகிறதா என்று அப்பதிவை வைத்து 1945இல் ஆராய்ந்து எழுதியவர் ஒரு பொறியாளர். அவர் பெயர் யோஹான் வான் வேன். இவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் அவரே.

வான் வேன் 1893இல் வடக்கே குரோனிங்கன் மாநிலத்தில் பிறந்தவர். அரசின் நீர்ப்பணித் துறையில் சேர்ந்து, தென்மேற்கு ஒல்லாந்தின் கழிமுகங்களையும் அவற்றின் ஓதங்களையும் 1930களில் ஆய்ந்தார். தீவுகளைச் சூழ்ந்த அணைக்கரைகள் பல இடங்களில் போதிய உயரமின்றி இருப்பதை அவர் கண்டார். அதுவரை கரை கட்டியோர் கைக்கொண்ட விதி எளியது: பெரியோர் நினைவில் உள்ள மிகப் பெரிய வெள்ளத்தைக் காட்டிலும் சற்று உயரமாகக் கட்டு. அத்துறையிலேயே பணியாற்றிய வெமல்ஸ்பெல்டர் என்பவர் 1939இல் வெளியிட்ட கட்டுரை அவ்விதியின் அடித்தளத்தையே அசைத்தது. வெள்ளங்களின் உயரத்தையும் அவை வரும் தடவைகளையும் கணக்கிட்டுப் பார்த்த அவர், 'மிகப் பெரிய வெள்ளம்' என்று ஒன்று இல்லவே இல்லை என்று காட்டினார். உயரம் கூடக்கூட வரும் வாய்ப்புக் குறையுமேயன்றி, இதற்குமேல் வராது என்று சொல்லத்தக்க எல்லை எதுவுமில்லை. பாட்டன் கண்ட வெள்ளத்தைவிடப் பெரியதைப் பேரன் காணக்கூடும் என்பதே அதன் பொருள்.

அதே 1939இல் அரசு ஒரு புயல்வெள்ளக் குழுவை அமைத்தது. வான் வேன் அதன் செயலாளரானார். கரைகள் தாழ்ந்திருக்கின்றன என்ற உண்மை குழுவின் தாள்களில் எழுத்தாயிற்று. ஆனால் அத்தாள்கள் மக்கள் கைக்குப் போகவில்லை. மறைவுக் கோப்புகளாகவே இருந்தன. ஏன் என்று கேட்போம். முதலில் போர். எந்தக் கரை பலவீனமானது என்பது பகைவன் அறியக்கூடாத செய்தி. இவ்வச்சம் வெற்று அச்சமுமன்று. 1944 அக்டோபரில் நேச நாட்டு விமானங்கள் வால்கெரன் தீவின் அணைக்கரையைக் குண்டுவீசி உடைத்து, தீவையே கடலுக்குக் கொடுத்ததை உலகம் கண்டது. போர் முடிந்தபின் வேறொரு காரணம். இடிந்த வீடுகளையும் பாலங்களையும் எழுப்பவே பணம் போதவில்லை. கையில் பணமில்லாதபோது மக்களை அச்சுறுத்துவானேன் என்ற எண்ணம் அதிகாரத்தில் இருப்போருக்கு எக்காலத்திலும் எளிதில் தோன்றும்.

அவர்களை நாம் கொடியவர்கள் என்று சொல்லத் துணியோம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஆயினும், அந்நியாயங்கள் அனைத்தும் கூடி விளைத்தது என்ன? தன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கரை தாழ்ந்தது என்பதை அரசு அறியும். அக்கரைக்கடியில் உறங்குபவன் அறியான். அந்நாளில் அந்நாட்டில் ஏறத்தாழ 2,500 நீர் வாரியங்கள் இருந்தன. நிலமுடையோர் தமக்குள் தேர்ந்தெடுத்து, வரி தண்டி, கரை காக்கும் இவ்வமைப்பு 13ஆம் நூற்றாண்டிலிருந்தே வருவது. கரையை உயர்த்தும் பொறுப்பு அவ்வாரியங்களுடையது. அது எவ்வளவு தாழ்ந்தது என்னும் முழுக்கணக்கோ தலைநகர அலமாரியில் இருந்தது. வான் வேன் சலித்துப்போய், 'டாக்டர் கசாண்ட்ரா' என்ற புனைபெயரில் எழுதலானார். வருவதை முன்னுரைக்கும் வரமும், எவரும் அவளை நம்பார் என்ற சாபமும் ஒருங்கே பெற்ற கிரேக்கக் கதைப் பெண்ணின் பெயர் அது. கழிமுகங்களையே அணைகட்டி மூடிவிடலாம் என்னும் திட்டங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். அவற்றுள் ஒன்றை மேலிடத்திற்கு அளித்தது 1953 ஜனவரியின் கடைசி நாட்களில்.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை. முழுநிலவு கழிந்து இரண்டாம் நாள். ஓதம் மிகுந்தெழும் வேளை. வடமேற்கிலிருந்து வீசிய பெரும்புயல், தெற்கே போகப்போக ஒடுங்கும் வடகடலின் நீரையெல்லாம் அவ்வொடுக்கத்தை நோக்கித் தள்ளியது. அரச வானிலை ஆய்வகம் அன்று மாலையே ஆபத்தான உயர்நீர் பற்றி எச்சரித்தது. அத்தந்திச் செய்தி யாருக்குப் போயிற்று? அச்சேவைக்குப் பதிவு செய்துகொண்ட வாரியங்களுக்கும் அலுவலர்களுக்கும் மட்டும். பதிவு செய்துகொள்ளாதவை பல. வானொலி நள்ளிரவில் வழக்கம்போல் தன் ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. இரவில் மீண்டும் பேசுவதற்கு அதற்கு ஏற்பாடு இல்லை. பின்னிரவில் கரைகள் உடையத் தொடங்கியபோது, ஞாயிறு வழிபாட்டிற்கு ஒலிக்க வேண்டிய கோவில் மணிகள் சில ஊர்களில் இருளிலேயே ஒலித்தன. அவ்வொலியைக் கேட்டு விழித்தவர்கள் கூரைமேல் ஏறினர். பல ஊர்களில் அதுவும் இல்லை.

ஹூக் வான் ஹாலந்தில் நீர் ஆம்ஸ்டர்டாம் மட்டத்திற்கு மேல் 3.85 மீட்டரும், பிளிசிங்கனில் 4.55 மீட்டரும் எழுந்தது. ஞாயிறு பிற்பகலில் இரண்டாம் ஓதம் வந்து, முதல் இரவில் தப்பியோர் பலரைக் கொண்டுபோயிற்று. தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோனதால், தீவுகளில் என்ன நேர்ந்தது என்பது தலைநகருக்கே முழுமையாகத் தெரியவில்லை. தனியார் வானொலி ஆர்வலர்கள் தம் சிறு கருவிகளைக் கொண்டு செய்தி அனுப்பியே உலகம் உண்மையை அறிந்தது. நெதர்லாந்தில் மட்டும் இறந்தோர் 1,836 பேர். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர்.

அவ்விரவில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிக்காமல் செல்ல மனம் ஒப்பவில்லை. ராட்டர்டாம் நகருக்கு அருகே, நியூவர்கெர்க் என்னும் ஊரை ஒட்டி ஹாலந்து ஐசல் ஆறு ஓடுகிறது. அதன் கரைக்குப் பின்னால் இருந்ததோ கடல்மட்டத்திற்கு மிகத் தாழ்ந்த, மக்கள் நிறைந்த நடு ஹாலந்து. விடியற்காலையில் அக்கரை திறந்துகொண்டது. ஊர் மேயரின் வேண்டுகோளின்படி ஆரி எவகுரூன் என்ற படகுத் தலைவர் தம் தானியப் படகை அத்திறப்பின் குறுக்கே செலுத்தி, ஒரு கதவைப்போல் பொருத்தினார். நீர் நின்றது. ஒரு படகு அன்று சரியான கோணத்தில் திரும்பியிராவிட்டால் இறந்தோர் தொகை என்னவாகியிருக்கும் என்று கணக்கிட நமக்குத் துணிவில்லை. ஒரு நாடு தன் இலட்சக்கணக்கான மக்களை ஒரு படகோட்டியின் கைத்திறனை நம்பி விட்டுவைத்திருந்தது என்பதே அதன் பொருள்.

வெள்ளம் வந்த மூன்று வாரத்திற்குள், பிப்ரவரி 21 அன்று, டெல்டா குழு அமைக்கப்பட்டது. நீர்ப்பணித் துறையின் தலைமை இயக்குநர் மாரிஸ் அதன் தலைவர். செயலாளர் வான் வேன். அலமாரியில் உறங்கிய அவருடைய திட்டங்கள் மேசைக்கு வந்தன. 1958இல் டெல்டா சட்டம் நிறைவேறிற்று. குழுவின் இறுதி அறிக்கை 1960இல் வெளியானபோது அதைக் காண வான் வேன் இல்லை. 1959 டிசம்பரில் அவர் மறைந்திருந்தார்.

அணைகளின் நீள அகலங்களை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. குழு கேட்ட கேள்விதான் நமக்கு முக்கியம். கரை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? கணித அறிஞர் டேவிட் வான் டான்ட்சிக் இதற்கு விடை தேடினார். கரையை ஒரு முழம் உயர்த்த ஆகும் செலவு என்ன, உயர்த்தாவிட்டால் நேரக்கூடிய இழப்பு என்ன, அவ்விழப்பு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று மூன்றையும் தராசில் வைத்தார். நடு ஹாலந்தைக் காக்கும் கரை, ஓராண்டில் 10,000இல் ஒரு பங்கு வாய்ப்பே உள்ள வெள்ளத்தையும் தாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஹூக் வான் ஹாலந்தில் அது ஏறத்தாழ 5 மீட்டர். மனித உயிரையும் மாட்டுக் கொட்டிலையும் ஒரே கணக்கில் எழுதுவதா என்று நம் உள்ளம் துணுக்குறுகிறது, துணுக்குறுவதே முறை. (நெடுங்காலம் கழித்து, 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், கரைகளுக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு இலட்சத்தில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்று உயிரையே அளவுகோலாக்கின. அதை எட்ட வைத்த கெடு 2050.) ஆயினும் 1960இன் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. 'முழுப் பாதுகாப்பு' என்று அது பொய் சொல்லவில்லை. மிஞ்சியிருக்கும் ஆபத்து இவ்வளவு என்று எண்ணிட்டு, அச்சிட்டு, நாட்டின்முன் வைத்தது. ஹூடேயின் கல் மீண்டும் மதகின் சுவருக்கு வந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறது.

வெளிப்படையான எண் விவாதத்தையும் பிறப்பிக்கும். கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தை அணையால் முற்றாக மூடத் திட்டமிட்டபோது, சிப்பி வளர்ப்போரும் மீனவரும் இயற்கை ஆர்வலரும் எழுந்தனர். உப்புநீர் நின்றால் தம் வாழ்வும் நிற்கும் என்றனர். பல ஆண்டு வழக்காடலுக்குப்பின், சாதாரண நாட்களில் திறந்திருந்து புயலில் மட்டும் மூடும் 62 மதகுக் கதவுகள் கொண்ட தடுப்பாக அது மாறி, 1986 அக்டோபரில் திறக்கப்பட்டது. செலவு மிகுந்தது, காலம் நீண்டது. ஆனால் ஓதம் இன்றும் உள்ளே வந்து போகிறது.

இவையெல்லாம் நிகழ்ந்தபோது கடல் சற்றே உயரும் என்றே எண்ணினர். 20ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கரையில் நீர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர்ந்தது. 1990களுக்குப்பின் அவ்வேகம் 3 மில்லிமீட்டரை நெருங்கிற்று. புவி வெப்பமடைவதால் அது இன்னும் கூடும் என்ற செய்தி வந்தபோது, அரசு இம்முறை வெள்ளத்திற்காகக் காத்திருக்கவில்லை. முன்னாள் அமைச்சர் ஸேஸ் பேர்மன் தலைமையில் அமைந்த இரண்டாம் டெல்டா குழு 2008இல் தன் அறிக்கையை அளித்தது. நிலத் தாழ்வையும் சேர்த்து, 2100க்குள் 0.65 முதல் 1.3 மீட்டர் வரை நீர் உயரக்கூடும் என்றும், 2200க்குள் 2 முதல் 4 மீட்டர் வரை என்றும் அது உரைத்தது. வானிலை ஆய்வகம் 2006இல் வெளியிட்ட கணிப்போ, 2100க்கு 35 முதல் 85 சென்டிமீட்டர் வரை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டி, குழு மிகைப்படுத்துகிறது என்று அறிஞர் சிலர் வெளிப்படையாகக் குறைகூறினர். மிக மோசமானதற்கும் ஆயத்தமாவதே எங்கள் பணி என்று குழுவினர் நின்றனர். 1939இல் பூட்டிய அறைக்குள் அடங்கிய பேச்சு, இப்போது செய்தித்தாளின் பக்கங்களில் நடந்தது. இரண்டு எண்களையும் கேட்டு மக்கள் குழம்புவர் என்று அஞ்சி எதையும் மறைக்காதது நம் கண்ணுக்குப் பெரிய செயலாகவே படுகிறது.

2012 முதல் நடைமுறையிலுள்ள புதிய டெல்டா சட்டம், இதற்கெனத் தனி நிதியையும் தனி ஆணையரையும் ஏற்படுத்தியது. ஆண்டுதோறும் செப்டம்பர் மூன்றாம் செவ்வாயன்று, நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தோடு டெல்டா திட்ட அறிக்கையும் நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்படுகிறது. வெள்ளம் வந்த ஆண்டு, வராத ஆண்டு என்ற வேறுபாடில்லை. வீட்டு அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால், கரை உடைந்தால் தன் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று எவரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. நீர் வாரியங்கள் இணைந்து இணைந்து இப்போது 21ஆகக் குறைந்துள்ளன.

கடல் உயர்ந்தால் ஆற்றுநீர் வடிய வழியின்றித் தேங்கும். ஆகவே ஆறுகளுக்கும் இடம் விட வேண்டியதாயிற்று. 1995இல் ஆறுகள் பெருகியபோது 2,50,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டதை எவரும் மறக்கவில்லை. ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்து உழவர்கள், தங்கள் நிலம் வெள்ளத்திற்கு விடப்படும் என்பதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டனர். அறிந்ததால் தாங்களே ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தனர். செயற்கை மேடுகளை எழுப்பி, அவற்றின்மேல் பண்ணை வீடுகளை அமைத்தால், வெள்ளம் வரும்போது நிலத்தை மட்டும் விட்டுக்கொடுத்துத் தாங்கள் அங்கேயே வாழலாம் என்றனர். அரசு இசைந்தது. சில குடும்பங்கள் வேறிடம் சென்றன. எட்டுப் பண்ணைகள் மேடுகளில் நிலைத்தன. பாட்டன் நிலத்தை விட்டுச் சென்றவர்களின் துயரத்தை எந்த நல்ல திட்டமும் துடைத்துவிடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரச வானிலை ஆய்வகம் 2023இல் புதிய கணிப்புகளை வெளியிட்டது. கரியமில வாயு தடையின்றிப் பெருகினால் 2100ஆம் ஆண்டளவில் கடல் 59 முதல் 124 சென்டிமீட்டர் வரை உயரலாம். தென்துருவப் பனிப்பாறைகள் நிலைகுலைந்தால் 2.5 மீட்டரும் ஆகலாம் என்பதை மறுக்க முடியாது என்று அது சொல்லிற்று.

எவகுரூன் தம் படகால் அடைத்த கரைக்குப் பின்னாலுள்ள தாழ்நிலந்தான் அந்நாட்டிலேயே மிகத் தாழ்ந்த இடம். அதன் அடித்தளம் கடல்மட்டத்திற்கு 6.76 மீட்டர் கீழே உள்ளது. வீடின்றித் தவிக்கும் இளங்குடும்பங்களுக்காக அத்தாழ்நிலப் பகுதியில் ஏறத்தாழ 8,000 வீடுகள் கொண்ட புதிய ஊர் ஒன்றை அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. புதிய வீடுகளை எங்கே கட்டுவது என்பதில் நீரையும் மண்ணையும் முதலில் எண்ணிப் பாருங்கள் என்று டெல்டா ஆணையர் 2021இல் அமைச்சர்களுக்கு மடல் எழுதினார். அம்மடல் மறைவுக் கோப்பிற்குப் போகவில்லை, வெளியிடப்பட்டது. கட்டுபவரும், வாங்குபவரும், அனுமதி அளிப்பவரும் அதைப் படிக்கலாம்.